மூன்றாவது பெஞ்சின் கதவோரம்

அக்கா,

முந்தாநாள் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போய்த் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. குடை இருந்தும் பிரயோசனம் இல்லாத மழை. பிரிக்ஃபீல்ட்ஸ் மூலைச் சைக்கிள் கடை வாசலில் ஒதுங்கினேன். கடை முதலாளி, சீனத் தவுக்கே, என் ஈரச் சேலையைப் பார்த்துவிட்டு, "டுடுக், டுடுக்" என்று சுவரோரம் கிடந்த பெஞ்சைக் காட்டினார். கேட்காமலே உட்காரச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. உனக்குத்தான் தெரியுமே. இருந்தாலும் கால் கடுத்தது, உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் அந்த வாடை வந்தது. நனைந்த தோல்துணியும் உள்ளே திணித்த தேங்காய் நாரும் சேர்ந்து வரும் புளித்த வாடை.

எழுந்து பெஞ்சைப் பார்த்தேன். கடைக்குப் போடுகிற பெஞ்சு இவ்வளவு நீளம் இருக்காது. கால்கள் பிறகு யாரோ அடித்துச் சேர்த்தவை. மெத்தையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் உள்பக்கம் சிவப்பு நூலில் இரட்டைத் தையல். கறுப்புத் தோல்துணிக்குச் சிவப்பு நூல் போடுகிற ஆள் இந்த ஊரில் ஒருத்திதான் இருந்தாள். "இது எங்கே கிடைத்தது?" என்று மலாய் மொழியில் கேட்டேன். பழைய மோட்டார் வண்டி ஒன்றை உடைத்தார்கள், ஐந்து பெஞ்சு இருந்தது, ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன் என்றார். ஐந்தில் இது எத்தனையாவது என்று கேட்டேன். தவுக்கே என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மழை விட்ட பிறகும் நான் அங்கேயே நின்றிருந்தேன். உனக்கு எழுதி இனி என்ன ஆகப்போகிறது என்று தெரியும். ஆனாலும் உன்மேல் எனக்கு ஒரு வழக்கு இன்னும் தீரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசையில் உன் வீடும் என் வீடும் ஒரே சுவர். நீ எனக்கு மூன்று வயது மூத்தவள். அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே நீ, வா, போ என்பேன். அம்மா அதற்கு எத்தனையோ முறை என் தலையில் குட்டியிருக்கிறாள். உன் தாயும் தகப்பனும் நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோதே போய்விட்டார்கள். உன் அண்ணன்தான் உன்னை வளர்த்தார். ரயில் பட்டறையில் இயந்திரம் பொருத்தும் பிட்டர் வேலையில் இருந்தவர், ஒரு நாள் அதை விட்டுவிட்டு மோட்டார் ஓட்டப்போகிறேன் என்று கிளம்பியபோது வரிசை வீடுகள் எல்லாம் வாயில் கைவைத்தன. நான் சந்தேகப்பட்டேன். மாதம் பிறந்தால் கைக்கு வருகிற வேலையை ஒரு மனிதர் காரணமில்லாமல் விடுவாரா?

துறைமுகத்திலிருந்து அவர் கொண்டுவந்தது வண்டியே இல்லை. ஓர் எஞ்சின், நாலு சக்கரம், நடுவில் இரும்புச் சட்டம், அவ்வளவுதான். உட்காரக்கூட இடமில்லை. ஒரு சோப்புப் பெட்டியைச் சட்டத்தில் கட்டி அதன்மேல் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு வந்தார். பின்னால் இன்னொரு சோப்புப் பெட்டியில் நீ. பள்ளத்திலும் மேட்டிலும் தூக்கித் தூக்கிப் போட்டபடி நீ சிரித்துக்கொண்டே வந்து இறங்கியதை நான் வாசலில் நின்று பார்த்தேன். பார்த்துக்கொண்டிருந்த நான்தான் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

அதற்கு மேலே பாடி கட்ட, சாலாக் செலாத்தானில் இருந்த ஒரு சீனத் தச்சரைப் பிடித்தார் அண்ணன். ஏதோ ஆங்கிலப் பத்திரிகையிலிருந்து கிழித்த ஒரு படம் கையில் இருந்தது. படத்தில் வெள்ளைக்காரர்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்து உல்லாசப் பயணம் போனார்கள். அதே போல வேண்டும் என்றார். குறுக்கே ஐந்து பெஞ்சு. நடுவில் நடக்க வழி கிடையாது. ஒவ்வொரு பெஞ்சுக்கும் இடது பக்கம் தனிக் கதவு, ஏறுவதற்கு நீளமான கால்பலகை. உட்கார்ந்துவிட்டால் வண்டி நிற்கும்வரை இடம் மாற முடியாது. தலைக்குமேல் மடக்கித் தள்ளுகிற கித்தான் கூரை. உன் யோசனை ஒன்றும் அதில் சேர்ந்தது. பின்னால் போகப் போக ஒவ்வொரு பெஞ்சையும் நாலு விரல் உயர்த்தச் சொன்னாய். "பின்னாடி குந்தறவங்களும் காசு குடுத்துத்தானே வராங்க, அவங்களுக்கும் ரோடு தெரிய வேணாமா?" என்றாய். தச்சர் தலையாட்டினார். அந்த நாலு விரல் பின்னால் யாருக்கு என்ன காட்டப்போகிறது என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும். ஒருவேளை உனக்குத் தெரிந்திருக்குமோ என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன்.

மெத்தை உறை முழுக்க நீ தைத்தாய். நான் நார் பிரித்துக் கொடுத்தேன். வார நாட்களில் அந்தப் பாடியைச் சங்கிலி போட்டுத் தூக்கி உத்தரத்தில் தொங்கவிட்டுவிட்டு, வெறும் பலகைத் தட்டைப் பொருத்தி, லோரியாக்கிச் செங்கல் ஏற்றுவார் அண்ணன். சனிக்கிழமை மறுபடி தட்டு இறங்கும், பெஞ்சு ஏறும். செங்கல் சுமந்த அதே வண்டி ஞாயிறு காலையில் எண்ணெய் துடைத்துக்கொண்டு உல்லாச வண்டியாக நிற்கும். ஒரே வண்டிக்கு இரண்டு வேஷம் எதற்கு என்று நான் கேட்டபோது, "சந்தேகப் பிராணி, வண்டியக்கூட விட்டு வைக்க மாட்டியா?" என்று என் காதைத் திருகினாய்.

மோரிப் கடற்கரைக்கு நம் வரிசை வீட்டார் எல்லாரும் சேர்ந்து போவது என்று முடிவானபோதே எனக்கு மூக்கு வியர்த்தது. அப்பா ஞாயிற்றுக்கிழமை என்றால் கட்டிலை விட்டு அசையாதவர். அவர்தான் முதலில் பெயர் கொடுத்தார். கைக்குட்டை வாங்கக்கூட மூன்று நாள் முணுமுணுக்கும் அம்மா, எனக்கு மாம்பழ நிறத்தில் பட்டுச் சேலை எடுத்து வந்தாள். கடற்கரைக்கு யாராவது பட்டுக் கட்டுவார்களா என்றேன். "எல்லாரும் நல்லாக் கட்டிகிட்டு வராங்க. நீ மட்டும் பரதேசியாட்டம் வரப்போறியா?" என்றாள். முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

அப்போது எனக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்றுதான். நான் படித்த பெண்கள் பள்ளியிலேயே சின்ன வகுப்புகளுக்குப் பாடம் சொல்லித்தர என்னை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். அடுத்த மாதம் சேர வேண்டும். நம் சனத்தில் அதுவரை எந்தப் பெண்ணும் வேலைக்குப் போனதில்லை. அப்பா அரை மனதாகத் தலையசைத்திருந்தார். இடையில் ஒரு வரன் வந்தால் அந்தத் தலையசைப்பு அத்தோடு போயிற்று. உன்னிடம் மட்டும்தான் அழுதேன். கொல்லையில் துணி காயப்போட்டபடி நீ கேட்டுக்கொண்டாய். "பள்ளிக்கூடத்துக்கு நீ போவடி, பேசாம இரு" என்றாய். எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறாய் என்று கேட்டேன். நீ ஈரச் சேலையை உதறினாய்.

ஆனால் உன் பக்கமும் ஒரு கதை இருந்ததை நான் மறக்கவில்லை. உனக்கு இருபத்திரண்டு முடிந்திருந்தது. தாய் இல்லாத பெண், அண்ணன் வேறு நல்ல வேலையை விட்டவர் என்று வந்த வரன்கள் எல்லாம் வாசலோடு திரும்பின. கோயிலில் பெண்கள் உன்னைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்துவார்கள். நீ கேட்காத மாதிரி இருப்பாய். நீ கேட்டாய் என்று எனக்குத் தெரியும்.

அந்த ஞாயிறு விடியலில் வண்டி கிளம்பியது. யார் எந்தப் பெஞ்சு என்று அண்ணன் முன்பே பிரித்து வைத்திருந்தார். மூன்றாவது பெஞ்சில் கதவோரம் நான், எனக்கு அடுத்து நீ, அப்புறம் அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்களும். அப்பா முன் பெஞ்சில். கடைசிப் பெஞ்சில் ஆண்கள் ஒருவர் மடியில் ஒருவராக நெருங்கிக்கிடந்தார்கள். எனக்கு நேர் பின்னால் இருந்த நாலாவது பெஞ்சு மட்டும் பாதி காலி. ஏன் என்று திரும்பிக் கேட்டேன். "கெள்ளான்ல ரெண்டு பேர் ஏறுறாங்க" என்றார் அண்ணன், பொதுவாக. எந்த ரெண்டு பேர் என்றேன். எஞ்சின் சத்தத்தில் காதில் விழாத மாதிரி நடித்தார். அம்மா என் தலையில் பூவைச் சரிசெய்தாள். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பெண் பார்க்க வீட்டுக்கு வந்தால் நான் ஏடாகூடமாக ஏதாவது செய்வேன் என்று, ஓடுகிற வண்டியில் உட்காரவைத்துக் காட்டப் பார்க்கிறார்கள். அங்கே எழுந்து போக வழி கிடையாது. வண்டியைக் கட்டியவர்களே வசதி செய்து கொடுத்திருக்கிறார்கள்.

உன் பக்கம் குனிந்து, "உனக்குத் தெரியுமா?" என்றேன். "என்னாது?" என்றாய். அந்த 'என்னாது' கொஞ்சம் சீக்கிரமாக வந்தது.

செம்மண் சாலை. வண்டியின் கட்டை ரப்பர் டயர்கள் கிளப்பிய தூசி கூரைக்குள் புகுந்து சுற்றியது. கிள்ளான் வருவதற்குள் எல்லாரும் ஒரே நிறமாகிவிட்டோம். அம்மா எடுத்துத் தந்த மாம்பழப் பட்டும் உன் ஊதாச் சேலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது எது என்று தெரியாது. அம்மா தன் முந்தானையால் என்னைத் தட்டித் தட்டிவிட்டாள். தட்டத் தட்ட இன்னும் அப்பிக்கொண்டது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

கிள்ளான் ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம், எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்ற வண்டி நின்றது. அப்போதுதான் நீ என் கையைப் பிடித்தாய். "எனக்குக் கொமட்டுதுடி. காத்து வேணும். கொஞ்சம் இடம் மாத்திக்கலாமா?" என்றாய். நான் உன்னைப் பார்த்தேன். சோப்புப் பெட்டியில் உட்கார்ந்து சட்டத்தின்மேல் துள்ளித் துள்ளி வந்தவள் நீ. வாரந்தோறும் இதே வண்டியில் ஏறுகிறவள். உனக்குக் குமட்டுகிறதா? ஆனால் உன் முகம் என்னவோ வெளுத்துத்தான் இருந்தது, தூசிக்கு அடியில். நடுவில் வழி இல்லாததால் நான் இறங்கினேன், நீ இறங்கினாய், நான் ஏறி உள்ளே தள்ளி உட்கார்ந்தேன், நீ கதவோரம் உட்கார்ந்தாய். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கதவு சாத்தியாயிற்று. சாலைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பருத்த அம்மாவும், கோட்டுப் போட்ட ஒரு வாலிபரும் வந்து நமக்குப் பின்னால் ஏறினார்கள்.

அதற்குப் பிறகு நான் கழுத்தைத் திருப்பவே இல்லை. முந்தானையைத் தலையோடு இழுத்து மூடிக்கொண்டு, அப்பாவின் வழுக்கையையே பார்த்தபடி வந்தேன். நீயோ கித்தான் திரை கழன்றது என்று எழுந்தாய், கட்டினாய், பின்னால் திரும்பி, "தூசி அடிக்குதாம்மா, திரைய எறக்கவா?" என்று அந்த அம்மாவிடம் விசாரித்தாய். குமட்டல் எங்கே போனது என்று நான் உன் இடுப்பில் கிள்ளினேன். நீ திரும்பவில்லை.

மோரிப்பில் போய் இறங்கினால் கடலைக் காணோம். தண்ணீர் வற்றிப் போய் எங்கோ தொலைவில் ஒரு கோடு தெரிந்தது. இந்தப் பக்கம் முழுக்கச் சேறு. இதைக் காட்டத்தான் இவ்வளவு தூரமா என்று ஆண்கள் அண்ணனைச் சத்தம் போட்டார்கள். சாயங்காலம் வந்துவிடும் என்றார் அவர். எனக்கு அதிலும் நம்பிக்கை இல்லை. சவுக்கு மரத்தடியில் பாய் விரித்துக் கட்டுச்சோற்றைப் பிரித்தோம். அம்மா புளிச்சோறு பரிமாறினாள். அந்தப் பருத்த அம்மா நன்றாகச் சாப்பிட்டு, கை கழுவி, பையிலிருந்து வாழையிலைப் பொட்டலம் ஒன்றை எடுத்தார். ஈரத் துணி சுற்றிய மல்லிகைச் சரம். நேராக உன்னிடம் வந்தார். "கெழக்கப் பாத்து உக்காரும்மா" என்றார். நீ உட்கார்ந்தாய். உன் தலையில் பூவை வைத்தார்.

அம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. அப்பா எழுந்துவிட்டார். "ஐயையோ, அது இல்லைங்க. பொண்ணு இதுங்க" என்று என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள் அம்மா. அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "கதவோரம் குந்தியிருக்கற பொண்ணுன்னு தானே தரகர் சொன்னாரு?" என்றார். "மாம்பழச் சேலைன்னு சொல்லலையா?" என்று அம்மா கத்தினாள். "எல்லாரும் செங்காமட்டிக் கலர்ல இருக்கீங்க. நான் எந்த மாம்பழத்தத் தேடுறது?" என்றார் அவர். யாரோ சிரித்தார்கள். அப்பா உன் அண்ணனைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அண்ணன், "சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது மாமா" என்று கையைக் கூப்பினார்.

சரி, நடந்தது தப்பு, பூவை எடுத்து இந்தப் பிள்ளைக்கு வையுங்கள் என்று யாரோ ஒரு பெரியவர் சமாதானம் சொன்னார். அந்த அம்மா இடுப்பில் கை வைத்தார். "வெச்ச பூவ எடுக்கற வழக்கம் எங்க வீட்டுல இல்லீங்க. ஒரே சனந்தானே? யாரா இருந்தா என்னா? எனக்கு இந்தப் பொண்ணப் புடிச்சிருக்கு. வாயத் தொறந்து நாலு வார்த்த பேசுது. அது முக்காட்டத் தூக்கவே இல்ல" என்று என்னைக் காட்டினார். அந்த வாலிபர் மரத்தில் சாய்ந்து நின்று ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இத்தனை ரகளையிலும் நீ ஒரு வார்த்தை பேசவில்லை, அக்கா. நான் இல்லை என்று நீ சொல்லியிருக்கலாம். பூ தலையில் படுவதற்கு முன்பு சொல்லியிருக்கலாம், பட்ட பிறகும் சொல்லியிருக்கலாம். கிழக்கே பார்த்து, குனிந்த தலை நிமிராமல், கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாய். உன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தூசியில் கோடு போட்டது. உன் தாய் போன பிறகு வேறு ஒருத்தி உன் தலையில் பூ வைத்தது அதுதான் முதல் தடவை என்று எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அந்தச் சமயத்தில் எனக்குத் தோன்றியது வேறு. நான் தப்பித்துவிட்டேன் என்று ஒரு துள்ளல். அடுத்த நிமிஷமே, இவள் என்னைத் தப்பிக்க வைத்தாளா, இல்லை என் இடத்தை எடுத்துக்கொண்டாளா என்று ஓர் அரிப்பு. சாயங்காலம் அண்ணன் சொன்னபடி கடல் வந்தது. யாரும் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது அம்மா உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார மாட்டேன் என்று ஆண்களுக்கு நடுவே போய் உட்கார்ந்தாள். மறுநாள் முதல் சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பேச்சில்லை. "திருடி" என்று அம்மா சுவரைப் பார்த்துச் சொல்வாள், உனக்குக் கேட்க வேண்டும் என்று. உன் கல்யாணத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து நான் மட்டும் வந்தேன், கொல்லை வழியாக. நீ என் கன்னத்தைத் தடவி, "பள்ளிக்கூடத்துல எப்ப சேர்ற?" என்று மட்டும் கேட்டாய். அப்பாவுக்கு நடந்த அவமானத்தில் அடுத்த வரன் தேட மனசில்லை. அடுத்த மாதம் நான் பள்ளியில் சேர்ந்தேன். பிறகு வந்த வரன்களை எல்லாம் நானே குறுக்கு விசாரணை செய்து துரத்திவிட்டேன். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

சில வருஷம் கழித்துப் பள்ளி விடுமுறையில் ரப்பர்த் தோட்டத்தில் இருந்த உன் வீட்டுக்கு வந்தேன். உன் வீட்டுக்காரர், எனக்கு அத்தான் ஆகிவிட்டவர், தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வேலை முடிந்து வந்ததும் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, பிள்ளைகளைக் குளிப்பாட்டக் கிணற்றில் தண்ணீர் இறைத்தார். நம் சனத்தில் அப்படி ஓர் ஆம்பிளையை நான் பார்த்ததில்லை. பாட்டும் பாடினார், கர்ணகடூரமாக. நீ அடுப்படியிலிருந்து, "ஊரு மாடெல்லாம் கயித்த அத்துகிட்டு ஓடப்போவுது" என்று கத்தினாய். அவர் இன்னும் சத்தமாகப் பாடினார். எனக்கு என்ன வந்தது என்று மறைப்பானேன். பொறாமை என்றே சொல்லிவிடுகிறேன். என் வேலை எனக்குப் பிடித்திருந்தது, என் கரும்பலகை எனக்குப் பிடித்திருந்தது. இருந்தும் அந்த நிமிஷம் பொறாமையாக இருந்தது.

அன்றுதான் கேட்டேன். "அக்கா, அன்னைக்குக் கெள்ளான்ல உனக்கு நெஜமாவே கொமட்டுச்சா?"

நீ புளி கரைத்துக்கொண்டிருந்தாய். கை நிற்கவில்லை. "இத்தன வருஷமா என்னான்னு நெனச்சுகிட்டு இருந்த?" என்றாய்.

"ஒரு நாளு எனக்காகச் செஞ்சேன்னு நெனப்பேன். மறுநாளு உனக்காகச் செஞ்சுக்கிட்டேன்னு நெனப்பேன்."

"அப்ப அப்படியே நெனச்சுக்க."

"எத?"

"ரெண்டையுந்தான். ஒண்ணச் சொன்னா மட்டும் நீ நம்பிடவா போற?"

கோபம் வந்தது எனக்கு. ஆனால் நீ சொன்னது சரி. எனக்காகத்தான் என்றிருந்தால் பொய் சொல்கிறாய் என்றிருப்பேன். உனக்காக என்றிருந்தால் என் மனம் நோகாமல் இருக்கச் சொல்கிறாய் என்றிருப்பேன். அதோடு அந்தப் பேச்சை நீ மூடிவிட்டாய். பெரிய வெண்கலக் கிண்ணத்தில் எனக்குச் சோறு போட்டாய். இரண்டாவது தடவையும் கேட்காமல் போட்டாய்.

போன வருஷம் உனக்குக் காய்ச்சல் கண்டது. கிள்ளான் ஆஸ்பத்திரியில் கிடந்தாய். நான் வந்தபோது பேச்சு இருந்தது, குரல்தான் இல்லை. பள்ளிக்கூடக் கதை கேட்டாய், சொன்னேன். நீ சிரித்தாய். மறுபடி வருவதற்குள் நீ போய்விட்டாய். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. பதில் சொல்லாமல் போய்விட்டாளே என்று.

சில மாதம் கழித்து அத்தான் உன் மூத்த மகளைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். இனிமேல் அவள் என்னோடு தங்கி என் பள்ளியில் படிக்கட்டும் என்றார். நீ சொல்லிவிட்டுப் போன ஏற்பாடு. பெண் உள்ளே பையை வைக்கப் போனதும், அத்தான் தொண்டையைச் செருமினார். "டீச்சர், ஒங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்" என்றார். இத்தனை வருஷத்தில் அந்த நாளைப் பற்றி அவர் வாயைத் திறந்ததே இல்லை.

"அன்னைக்குக் கெள்ளான்ல நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னுகிட்டு இருந்தேன். வண்டி நின்னுச்சு. கதவோரம் நீங்க இருந்தீங்க. அப்பறம் நீங்க எறங்குனீங்க, அவ எறங்குனா. நீங்க உள்ள போனீங்க, அவ கதவோரம் குந்துனா. எனக்கு எது பாக்க வந்த பொண்ணு, எது இல்லன்னு நல்லாத் தெரியும். ஆனா அவளத்தான் எனக்குப் புடிச்சிருந்துச்சு. அம்மா, கதவோரந்தானேன்னு கேட்டாங்க. ஆமான்னு நாந்தான் சொன்னேன். அவளுக்கு இதுல ஒண்ணுந் தெரியாது. அவளுக்கு நெஜமாவே கொமட்டுச்சு. செஞ்சது நான். அவமேல நீங்க சந்தேகப்படக் கூடாது."

கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருஷம் நீ என்னைக் காப்பாற்றினாயா, என்னிடமிருந்து பறித்தாயா என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால் நான் அந்தக் கதையிலேயே இல்லை. ஒருவர் பார்த்தார், அவருக்கு உன்னைப் பிடித்தது, முடிந்தது. முதுகிலிருந்து ஒரு மூட்டை இறங்கிய மாதிரி இருந்தது.

அந்த நிம்மதி காபி ஆறும்வரைகூட நிற்கவில்லை. அத்தான் தன் பிள்ளைகளின் வயதையே உன்னிடம் கேட்டுச் சொல்கிற மனிதர். அவர் அந்தக் காலைப் பொழுதை ஓர் இடறல் இல்லாமல், இறங்கினீர்கள், இறங்கினாள், போனீர்கள், குந்தினாள் என்று வரிசை பிசகாமல் சொன்னார். கண் சுவரில் இருந்தது. நான் பள்ளிக்கூடத்துக்காரி. எது ஞாபகம், எது மனப்பாடம் என்று எனக்குத் தெரியாதா? மனப்பாடம் செய்து வந்து ஒப்பிக்கிற பிள்ளையிடம் நாங்கள் பாடத்துக்கு வெளியே ஒரே ஒரு கேள்வி கேட்போம்.

"அத்தான், அப்ப ஒங்க அம்மா எங்க நின்னுகிட்டு இருந்தாங்க?" என்றேன்.

சுலபமான கேள்விதான். அவர் வாயைத் திறந்தார். மூடினார். பிறகு தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தார். எடுத்துக்கொடுக்க அங்கே நீ நிற்கிற மாதிரி பார்த்தார். யாரும் இல்லை என்று தெரிந்ததும், வந்ததிலிருந்து அடக்கிக்கொண்டிருந்தவர், என் எதிரிலேயே உடைந்து அழுதார். நான் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

அவர் மறந்தும் போயிருக்கலாம். சொன்னது முழுக்க நிஜமாகவும் இருக்கலாம். பறித்ததை மறைக்க நீ இட்டுக்கட்டியதா, கொடுத்ததை மறைக்க இட்டுக்கட்டியதா என்று இப்போது புதிதாக இரண்டு சந்தேகம் கிளம்பியிருக்கிறது. உன் மகள் பக்கத்து அறையில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எது என்று எனக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் மூச்சு விடவே முடியாமல் கிடந்த நாட்களில், நீ போன பிறகு இந்தச் சந்தேகக்காரி தனியாக உட்கார்ந்து புழுங்குவாளே என்று கவலைப்பட்டு, பாட்டுக்கூடச் சரியாகப் பாட வராத அந்த மனிதரைக் கட்டில் பக்கத்தில் உட்காரவைத்து, வரி வரியாக ஒருத்தி சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அது நீதான், அக்கா. அதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.